32கே மெமரி கார்டு: ஏற்காட்டில் ஓடுகிறது, சேலத்தில் மறந்துபோகிறது

ஒண்டிக்கடை | சனி, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். மாமா 1980களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த 16கே ஸ்பெக்ட்ரம் (சின்கிளேர் கம்பெனியின் பழைய வீட்டுக் கணினி, உள்ளே இசட்80 பிராசசர்) என்னிடம் இருக்கிறது. அதன் முதுகில் செருகும் 32கே மெமரி கார்டும் உண்டு. கறுப்புப் பெட்டி, மேலே எந்தப் பெயரும் இல்லை. உள்ளே எட்டு மெமரி சிப்பு, எழுத்தெல்லாம் சுரண்டப்பட்டிருந்தது. ஒன்று செத்துப்போனதால் கார்டைப் போட்டாலும் இயந்திரம் 16கே என்றே சாதித்துக்கொண்டிருந்தது.

எட்டையும் கழற்றி சாக்கெட் வைத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் எடைக்கு வாங்கிய ஒரு பழைய எக்ஸ்டி (ஐபிஎம் பிசி வகை) மதர்போர்டில் 4164 என்ற 64கே பிட் மெமரி சிப்புகள் நிறைய இருந்தன. அதில் எட்டை எடுத்துப் போட்டேன். உடனே உயிர் வந்துவிட்டது. மெமரியின் கடைசி முகவரியைச் சொல்லும் 23732, 23733 இரண்டையும் பீக் செய்து படித்தால் 255, 255. அதாவது முழு 48கே.

ஏற்காட்டில் வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. போன ஞாயிறு சேலத்தில் நெத்திமேட்டு நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். யூடிஜியில் (நாமே எழுத்து வடிவம் வரைந்துகொள்ளும் மெமரி இடம்) தமிழ் எழுத்துகள் வரைந்து வைத்திருக்கிறேன், அதைக் காட்டத்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதிக்கு மேல் எழுத்துகள் சிதைந்து கிடக்கின்றன. இயந்திரம் உறையவில்லை, கீபோர்டு வேலை செய்கிறது, லிஸ்ட் போட்டால் புரோகிராம் அப்படியே இருக்கிறது. மலைக்குத் திரும்பியதும் மறுபடி நல்ல பிள்ளை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

குகை_சால்டர் | சனி, இரவு 9:41

தம்பி, முதலில் கார்டு செருகும் எட்ஜ் கனெக்டரைப் பாருங்கள். முதுகில் தொங்குகிற கார்டு என்றாலே ஆட்டம்தான். ஸ்பெக்ட்ரமுக்கு முந்தைய இசட்எக்ஸ்81 காலத்து 16கே ரேம் பேக் இதற்காகவே கெட்ட பெயர் வாங்கியது. மேசையைத் தட்டினால் மெமரி போய்விடும். ஸ்பெக்ட்ரமின் விளிம்பில் இருப்பது தங்க முலாம் இல்லை, வெறும் ஈயப்பூச்சு. ஏற்காட்டுப் பனியில் இத்தனை வருஷம் இருந்தால் கறுத்துத்தான் போயிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அழிரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும்.

இன்னொன்று. கரண்ட் இருக்கும்போது கார்டைப் பிடுங்கவோ ஆட்டவோ கூடாது. அந்தக் கனெக்டரில் 5, 9, 12, மைனஸ் 5 என்று நான்கு வோல்ட்டும் வருகிறது. ஒன்றோடு ஒன்று உரசினால் உள்ளே டிஆர்4 டிரான்சிஸ்டர் போகும், அதோடு கீழ் மெமரியும் (உள்ளேயே இருக்கும் 16கே) போகும். அப்படி வந்த பெட்டிகளை நான் நிறையப் பார்த்தாயிற்று.

யூனிகார்ன்_அஸ்தம்பட்டி | சனி, இரவு 10:05

எனக்கு வோல்டேஜ் மேல்தான் சந்தேகம். ஸ்பெக்ட்ரம் அடாப்டர் ரெகுலேட்டர் இல்லாத 9 வோல்ட். மே மாதம் ஊர் முழுக்க ஏசி ஓடும்போது லைன் இறங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கும். உள்ளே இருக்கும் 7805 ரெகுலேட்டருக்கு வருவது 7 வோல்ட்டுக்குக் குறைந்தால் 5 வோல்ட் நிலைக்காது. கார்டு மாட்டிய நிலையில் அளந்து பாருங்கள். கடையில் புது அடாப்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் ஞாபகம் இருக்கட்டும், ஸ்பெக்ட்ரமுக்கு நடுமுனை மைனஸ். கடையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் நடுமுனை பிளஸ்.

1986-இல் இங்கே டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி விற்ற டிபி ஸ்பெக்ட்ரம்+ என்றால் 48கேயும் உள்ளேயே இருந்திருக்கும், இந்த முதுகுச் சுமையே கிடையாது.

இசட்80_பைத்தியம் | சனி, இரவு 11:20

குகை அண்ணா சொல்வதும் யூனிகார்ன் சார் சொல்வதும் பொதுவாகச் சரிதான், இந்தக் கேஸுக்குப் பொருந்தவில்லை. கனெக்டர் ஆடினால் முகவரி லைனோ டேட்டா லைனோ விட்டுப்போய் இயந்திரம் அந்த நொடியே உறைந்துவிடும், இல்லை ரீசெட் ஆகும். ஸ்பெக்ட்ரமின் ஸ்டாக் (பிராசசர் திரும்பிப் போக வேண்டிய முகவரிகளை அடுக்கிவைக்கும் இடம்) இருப்பதே அந்தக் கார்டின் உச்சியில்தான், யூடிஜிக்கு நேர் கீழே. ஸ்டாக் கெடாமல் அதற்கு மேலே உள்ளது மட்டும் கெடுகிறது என்றால் இது ஆட்டம் இல்லை.

ஒண்டிக்கடை, ஒரே ஒரு கேள்வி. "முதல் சில எழுத்துகள் சரி, மற்றது சிதைவு" என்றா, இல்லை அங்கங்கேயா? எந்த எழுத்திலிருந்து என்று சரியாகச் சொல்ல முடியுமா? கேப்ஸ் ஷிஃப்ட்டும் 9-ம் அழுத்தி கிராஃபிக்ஸ் முறைக்குப் போய் ஏ முதல் யூ வரை வரிசையாகத் தட்டினால் தெரிந்துவிடும்.

ஒண்டிக்கடை | ஞாயிறு, காலை 7:15

நண்பர் அன்றைக்கே திரையைப் போனில் படம் எடுத்திருந்தார், இப்போது வாங்கிப் பார்த்தேன். ஏ, பி, சி, டி, ஈ ஐந்தும் நான் வரைந்தபடியே இருக்கின்றன. எஃப்-இலிருந்து யூ வரை எல்லாவற்றிலும் புள்ளிகள் மாறியிருக்கின்றன. நடுவில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

இசட்80_பைத்தியம் | ஞாயிறு, காலை 8:02

போதும், பிடிபட்டுவிட்டது. யூடிஜி தொடங்குவது 65368-இல். எழுத்துக்கு எட்டு பைட். ஐந்து எழுத்து முடிந்தால் 65408. அதைப் பதினாறடிமான எண்ணில் எழுதினால் எஃப்எஃப்80. கீழ்ப் பைட் 127 வரைக்கும் எல்லாம் பத்திரம், 128-இல் தொடங்கி எல்லாம் நாசம். ஸ்டாக் 65367-இலிருந்து கீழே வளர்வது, அதன் கீழ்ப் பைட் 87-உம் அதற்குக் குறைவும். அதனால்தான் இயந்திரம் உயிரோடு இருக்கிறது.

சும்மா விட்ட நேரத்தில் இப்படி நேர்பாதியாகக் கெடுவது பெரும்பாலும் ரிஃப்ரெஷ் (மெமரியைப் புதுப்பிக்கும் வேலை) கோளாறுதான். நீங்கள் போட்ட சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது? டிஎம்எஸ் என்று தொடங்குகிறதா?

ஒண்டிக்கடை | ஞாயிறு, காலை 8:30

ஆமாம்! டிஎம்எஸ்4164-15. எட்டும் ஒரே மாதிரி. 15 என்றால் 150 நானோசெகண்ட், ஸ்பெக்ட்ரமுக்கு அது தாராளம் என்று படித்துவிட்டுத்தான் போட்டேன்.

இசட்80_பைத்தியம் | ஞாயிறு, காலை 9:25

வேகத்தில் குறை இல்லை. கால் வரிசையும் அப்படியே பொருந்தும். 4164 என்ற பெயரில் இரண்டு சாதி இருக்கிறது, அதில்தான் விஷயம்.

டைனமிக் மெமரியில் ஒவ்வொரு பிட்டும் ஒரு பொடி கெபாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு வரிசையையும் அவ்வப்போது தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஹிட்டாச்சி எச்எம்4864, ஃபுஜிட்சு எம்பி8264 போன்றவை 128 வரிசையை 2 மில்லிசெகண்டுக்குள் புதுப்பித்தால் போதும் என்று கேட்பவை. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஎம்எஸ்4164 கேட்பது 256 வரிசை, 4 மில்லிசெகண்ட். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே வேகம்தான். ஆனால் எண்ண வேண்டிய எண்ணிக்கை இரட்டிப்பு.

இசட்80-இல் ரிஃப்ரெஷ் வேலையைச் செய்வது ஆர் பதிவேடு. ஒவ்வொரு கட்டளையை எடுக்கும்போதும் ஆர்-இன் மதிப்பை முகவரிக் கால்களில் வைத்து ஒரு வரிசையைத் தொட்டுவிடும். அந்த ஆர் கூடுவது ஏழு பிட்டில் மட்டும், 0 முதல் 127 வரை. எட்டாவது பிட் நாம் எதை வைத்தோமோ அப்படியே நிற்கும், ரீசெட் ஆனால் பூஜ்யம். காப்பி நாற்றுமேடையில் 256 வரிசை இருக்க, தண்ணீர் ஊற்றும் ஆளுக்கு 128 வரைதான் எண்ணத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபாதி எப்போது வாடும் என்பது வெயிலைப் பொறுத்தது. வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் கசிவு இரண்டு மடங்காகும். 1,500 மீட்டர் உயரத்தில் மாலை நேரத்தில் தாக்குப்பிடிப்பது, 40 டிகிரியை ஒட்டிய சேலத்து மே மாதத்தில், அதுவும் மூடிய பெட்டிக்குள், எப்படித் தாங்கும்?

பூட் ஆகும்போது ஆர்ஓஎம் (உள்ளே நிரந்தரமாக எழுதப்பட்ட புரோகிராம்) மெமரியைச் சோதித்துச் சரி என்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சோதனை எழுதிய கையோடு திரும்பப் படித்துவிடுகிறது. எழுதுவதும் படிப்பதுமே வரிசைகளைப் புதுப்பித்துவிடும். கார்டில் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான், தானாகவே எல்லா வரிசையும் தொடப்படும். நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் இசட்80 ஆர்ஓஎம்முக்குள் சாவி தட்டப்படுகிறதா என்று சுற்றிக்கொண்டிருந்திருக்கும், கார்டின் பின்பாதியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேசிக் புரோகிராம் தப்பியதற்குக் காரணம் அது கீழ் 16கேயில் இருப்பது. அது யுஎல்ஏ என்ற திரைச் சிப்பு இருக்கும் பக்கம், அங்கே இருப்பது 4116 சிப்பு.



எக்ஸ்டி_சூரமங்கலம் | ஞாயிறு, காலை 10:10

ஒரு நிமிஷம். என் எக்ஸ்டியில் இதே டிஎம்எஸ்4164 வருஷக்கணக்காக ஓடுகிறது. பாரிட்டி (தவறைக் கண்டுபிடிக்கும் கூடுதல் பிட்) வேறு உண்டு, ஒன்பதாவது சிப்பு இதற்கென்றே இருக்கிறது. ஒரு பிட் தவறினாலும் பாரிட்டி எரர் என்று நின்றுவிடும். அம்மாபேட்டை வெயிலில் மொட்டைமாடி அறையில் வைத்து ஓட்டியிருக்கிறேன். சிப்பைக் குறை சொல்வது சரியாகப் படவில்லை.

இசட்80_பைத்தியம் | ஞாயிறு, காலை 10:32

சிப்பைக் குறை சொல்லவே இல்லையே. உங்கள் எக்ஸ்டியில் ரிஃப்ரெஷ் செய்வது யார் என்று பாருங்கள்.

எக்ஸ்டி_சூரமங்கலம் | ஞாயிறு, காலை 11:48

பார்த்தேன், நீங்கள் சொல்ல வருவது புரிந்தது. எக்ஸ்டியில் 8253 டைமரின் சேனல் 1 சுமார் 15 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை தட்டுகிறது, 8237 டிஎம்ஏவின் (பிராசசர் இல்லாமலே மெமரியைத் தொடும் சிப்பு) சேனல் 0 ஒரு முகவரியைப் படிக்கிறது. டிஎம்ஏ முகவரிக் கணக்கு 16 பிட், அது 127-இல் நிற்காது. 15.08 மைக்ரோசெகண்டை 256-ஆல் பெருக்கினால் 3.86 மில்லிசெகண்ட், 4-க்குள் வந்துவிடுகிறது. 128-ஆல் பெருக்கினால் 1.93, அதுவும் 2-க்குள். ஐபிஎம்காரர்கள் இரண்டு சாதிக்கும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்டியிலிருந்து எடுத்தால் எதில் வேண்டுமானாலும் ஓடும் என்று நினைப்பது அங்கேதான் சறுக்குகிறது.

குகை_சால்டர் | ஞாயிறு, மதியம் 1:20

கணக்கு நன்றாக இருக்கிறது. நான் ஒர்க்‌ஷாப் ஆள், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன். பழைய டிவி போர்டில் சூடானால் மட்டும் வரும் கோளாறை ஹேர் டிரையர் வைத்துத்தான் பிடிப்போம். தம்பி, ஏற்காட்டிலேயே கார்டின் மூடியைத் திறந்து, யூடிஜி ஏற்றிவிட்டு, மிதமான சூட்டில் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். பிளாஸ்டிக் இளகுகிற அளவுக்குப் போக வேண்டாம். அதே நேரத்தில் கனெக்டரைத் தொடக் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது காரணம் என்று தெரியாது.

இசட்80_பைத்தியம் | ஞாயிறு, மதியம் 1:45

அருமையான சோதனை, அண்ணா. அதோடு இதையும் செய்யுங்கள். கிளியர் 32767 கொடுத்தால் ஸ்டாக் கீழ் மெமரிக்கு இறங்கிவிடும், கார்டை யாரும் தொட மாட்டார்கள். பிறகு 32768 முதல் 65535 வரை எல்லா பைட்டிலும் 85 என்று போக் செய்து (எழுதி), பாஸ் (PAUSE) 0 போட்டு நிறுத்துங்கள். ஒரு சாவியைத் தட்டியதும் திரும்பப் படித்து, 85 இல்லாத முகவரிகளை மட்டும் அச்சிடட்டும். பேசிக்கில் மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை. வரும் முகவரிகளை 256-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்.

முடிந்தால் மல்டிமீட்டர் வைத்து 4164-இன் 9-ஆம் காலையும் தொடருங்கள். அதுதான் ஏ7, எட்டாவது முகவரிக் கால்.

ஒண்டிக்கடை | திங்கள், இரவு 9:50

எல்லாம் செய்தாயிற்று.

டிரையர் சூடு பட்டதும் எழுத்துகள் கண்ணெதிரே கெட்டன. அதுவும் எஃப் முதல்தான். போக் சோதனையில் வந்த தவறான முகவரிகள் எல்லாவற்றுக்கும் மீதி 128-க்கும் 255-க்கும் நடுவில். 127-உம் அதற்குக் கீழும் ஒன்றுகூட இல்லை. டிரையர் இல்லாமல் ராத்திரி முழுக்க அப்படியே விட்டுப் பார்த்தேன். காலையில் இங்கேயும் அதே பாதி கெட்டிருந்தது. ஆக மலையில் நடக்கவில்லை என்பது இல்லை, அதுவரை நான் காத்திருந்ததில்லை.

9-ஆம் கால் ஒரு 74எல்எஸ்157-க்குப் போகிறது. அதன் ஒரு உள்ளீடு ஏ7, இன்னொன்று ஒரு சின்னக் கம்பி வழியாகத் தரைக்கு (கிரவுண்ட்).

இசட்80_பைத்தியம் | திங்கள், இரவு 10:30

அந்தக் கம்பி ஒரு தடயம். பழைய சிப்புகள் முழு 64கே பிட் இல்லாமல் பாதி மட்டும் நல்லதாக இருந்த 32கே பிட் ரகமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். 48கே ஸ்பெக்ட்ரமுக்குள்ளேயே சின்கிளேர் அதைத்தான் போட்டார்கள், தொழிற்சாலையில் பாதி தேறாத 64கே சிப்பை மலிவாக வாங்கி. எந்தப் பாதி நல்லது என்பதைப் பொறுத்து கம்பியை 5 வோல்ட்டுக்கோ தரைக்கோ மாற்றுவார்கள்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. டெக்சஸின் பாதிச் சிப்பான டிஎம்எஸ்4532-இல் நல்ல பாதி வரிசை முகவரியால் பிரிகிறது. அதனால் பயன்படுத்தும் வரிசைகள் 128-தான், இசட்80 சமாளித்துவிடும். ஓகேஐ எம்எஸ்எம்3732-இல் பிரிவது நெடுவரிசையால். உங்கள் கார்டு ஓகேஐ முறைக்கு வயர் செய்யப்பட்டது. அதில் டெக்சஸ் சிப்பைப் போட்டதும் 256 வரிசையும் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

ஓமலூர்_புதுசு | திங்கள், இரவு 10:55

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஆர்-இன் எட்டாவது பிட்டை நாமே மாற்றலாம் என்றால் அதை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தால் போதாதா? சிப்பையே கழற்ற வேண்டாமே?

இசட்80_பைத்தியம் | திங்கள், இரவு 11:15

நல்ல கேள்வி. முடியும். ஐஎம்2 இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்தி நம் சின்னப் புரோகிராமை ஓடவைக்கும் முறை) வைத்து, நொடிக்கு 50 முறை அந்தப் பிட்டைத் திருப்பிப் போடலாம். ஒரு 20 மில்லிசெகண்ட் முன்பாதி, அடுத்த 20 பின்பாதி. சிப்பின் தகவல் தாளில் சொன்ன 4 மில்லிசெகண்டை மீறும், ஆனால் நிஜச் சிப்பு அதைவிட வெகுநேரம் தாங்கும் என்பதை இந்தக் கார்டே காட்டிவிட்டது. இசட்80-இன் ஐ பதிவேட்டில் பதினாறடிமான 40 முதல் 7எஃப் வரை வைத்தால் மட்டும் திரை முழுக்கப் பனி கொட்டும், அதைத் தவிருங்கள்.

விளையாட்டாகச் செய்து பார்க்க நன்றாக இருக்கும். நிரந்தர மருந்து ஆகாது. கேம்கள் இன்டரப்டைத் தங்கள் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும், டேப்பிலிருந்து ஏற்றும்போது இன்டரப்டே நின்றுவிடும்.

யூனிகார்ன்_அஸ்தம்பட்டி | செவ்வாய், காலை 6:40

பீபீசி மைக்ரோ என்ற அந்தக் காலத்துக் கணினியில் இந்தத் தொல்லையே கிடையாது. 6845 என்ற சிப்பு திரைக்காக மெமரியைப் படித்துக்கொண்டே இருக்கும், அதுவே ரிஃப்ரெஷ். 1984-இல் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தவையும் அதே வடிவம்தான், சண்டிகர் பக்கம் எஸ்சிஎல் என்ற அரசு சிப்பு நிறுவனம் யூனிகார்ன் என்ற பெயரில் தந்தது. குறை என்றால் 32கே போதாதது. மோடு 0 போட்டால் திரையே 20கே விழுங்கிவிடும்.

அதற்கு நான் செய்த வேலை உங்களுக்கும் உதவலாம். ஆர்ஓஎம் சாக்கெட்டில் 62256 ஸ்டாட்டிக் ரேம் (ரிஃப்ரெஷ் தேவைப்படாத 32கே மெமரி சிப்பு) போட்டேன். 27-ஆம் காலை மட்டும் வெளியே வளைத்து எழுதும் சைகைக்குக் கம்பி இழுத்தேன். 2 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தோடு சேர்த்து வடிகட்டிய சைகையாக இருக்க வேண்டும், நேராக இழுத்தால் கண்ட இடத்தில் எழுதிவிடும். அந்தச் சாக்கெட்டில் 1-ஆம் கால் 5 வோல்ட்டில் இருப்பதால் சிப்பின் மேல் 16கே மட்டும் வேலை செய்யும். அந்தக் காலையும் தூக்கி ஒரு ஸ்விட்ச் வைத்தால் இரண்டு பாதியும் கிடைக்கும்.

உங்கள் கார்டுக்கும் அதே சிப்பு ஒன்று போதும், எட்டுக்குப் பதில் ஒன்று. ரிஃப்ரெஷ் என்ற பேச்சே இல்லை.

குகை_சால்டர் | செவ்வாய், காலை 9:05

சார் சொல்வது வசதிதான், ஆனால் அப்புறம் அது பழைய கார்டு இல்லையே. சாக்கெட் ஏற்கெனவே வைத்தாயிற்று. 128 வரிசைச் சிப்பு எட்டு கிடைத்தால் சால்டரைத் தொடாமலே முடிந்துவிடும். நான் அந்தப் பக்கம்தான்.

இசட்80_பைத்தியம் | செவ்வாய், காலை 9:40

நானும் அண்ணா பக்கம்தான். ஸ்டாட்டிக் ரேமை டைனமிக் ரேம் சாக்கெட்டில் அப்படியே உட்கார வைக்க முடியாது. அங்கே முகவரி இரண்டு தவணையாக எட்டு எட்டு பிட்டாக வரும். ஏ0 முதல் ஏ14 வரை பதினைந்தையும் எட்ஜ் கனெக்டரிலிருந்து நேராக இழுக்க வேண்டும். எம்ஆர்இகியூ (மெமரியைக் கேட்கும் சைகை) கீழும் ஏ15 மேலும் இருக்கும்போது மட்டும் 20-ஆம் கால் கீழே போக வேண்டும். ஆர்டியை (படிக்கும் சைகை) 22-க்கும் டபிள்யூஆரை (எழுதும் சைகை) 27-க்கும் கொடுத்து, பக்கத்தில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். துளை போட்ட பொட்டு போர்டில் புதிதாகச் செய்ய இது நல்ல கார்டு. பழையதைக் கிழித்துச் செய்யத் தேவையில்லை.

ஓமலூர்_புதுசு | செவ்வாய், காலை 10:15

486 மதர்போர்டில் கேஷ் (பிராசசருக்கான வேக மெமரி) என்று 32கே சிப்பு இருக்கிறதே, அது ஆகுமா? என்னிடம் ஒரு போர்டு சும்மா கிடக்கிறது.

இசட்80_பைத்தியம் | செவ்வாய், காலை 10:28

ஆகும். கால் வரிசை அதேதான், உடம்பு மட்டும் ஒல்லி, 0.3 அங்குலம். எடுக்கும் முன் சோதியுங்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் சிலவற்றில் உள்ளே எதுவுமே இல்லாத பிளாஸ்டிக் துண்டைக் கேஷ் என்று சால்டர் செய்து விற்றிருக்கிறார்கள்.

ஒண்டிக்கடை | செவ்வாய், இரவு 8:20

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எச்எம்4864 இருப்பதாகச் சொன்னார்கள், கூரியரில் எட்டு வருகிறது. மிஞ்சும் டெக்சஸ் சிப்புகளை ஸ்பெக்ட்ரமுக்குள் கீழ் 16கேயில் போடலாமா? அங்கேயும் 16 கால்தானே.

குகை_சால்டர் | செவ்வாய், இரவு 8:31

கையை வைக்காதீர்கள்! அங்கே இருப்பது 4116. அதன் 8-ஆம் காலில் 12 வோல்ட். 4164-க்கு அதே காலில் 5 வோல்ட்தான் வேண்டும். போட்ட நொடியே எட்டும் போகும். 1-ஆம் காலில் மைனஸ் 5, 9-இல் 5 வோல்ட், அவற்றையும் வெட்டி மாற்றிய பிறகுதான் யோசிக்கவே முடியும்.

எக்ஸ்டி_சூரமங்கலம் | செவ்வாய், இரவு 8:45

அந்த எட்டையும் என்னிடம் கொடுங்கள், என் எக்ஸ்டியில் இரண்டாவது பேங்க் காலியாக இருக்கிறது. பாரிட்டிக்கு இன்னொன்றும் சேர்த்து ஒன்பதாக வேண்டும், அந்த மதர்போர்டில் மீதி இருக்குமே? சனிக்கிழமை ஏற்காடு வருகிறேன், ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் வாங்கிக்கொள்கிறேன். சிப்புகளின் கால்களை மின்கடத்தும் ஃபோமில் குத்தி வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் போட வேண்டாம்.